கறுப்புக் கொடி கட்டிய கப்பல்கள்

ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு வேலை முடிந்து, விரல்களில் வெள்ளி மருந்து போகாமலே ஏறிய இரண்டு பெண்கள் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“மதினி, ஜெர்மன்காரன் சண்டையில தோத்தப்ப, கடலுக்கடியில ஒளிஞ்சு கெடந்த கப்பலெல்லாம் கறுப்புக் கொடி கட்டிக்கிட்டு மேல வந்துச்சாம். நேத்து போன்ல பாத்தேன்.”

“கறுப்புக் கொடியா? யாரு செத்தது?”

“எழவுக்கு இல்ல மதினி. சரணடையிறோம்னு அடையாளமாம்.”

“அதுக்கு வெள்ளைக் கொடியில்ல கட்டுவாக?”

“கறுப்புதான் கட்டணும்னு செயிச்சவுக உத்தரவாம்.”

பேருந்து ஊர் முக்கில் திரும்பியது. போன மாதம் பட்டாசு ஆலை வெடித்ததில் இறந்தவர்களுக்காகக் கட்டிய கறுப்புக் கொடி, மின்கம்பத்தில் வெயிலில் வெளுத்துத் தொங்கியது. மூத்தவள் அது மறையும்வரை பார்த்தாள்.

“பெறகு அந்தக் கப்பல என்ன செஞ்சாக?”

“நடுக்கடலுக்கு இழுத்துட்டுப் போயி, வெடி வச்சு முக்கிட்டாகளாம்.”

“ஆளுகளோடயா?”

“சேச்சே. எல்லாரையும் எறக்கி விட்டுட்டுத்தான் வெடிச்சாக.”

மூத்தவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“கொடுத்து வச்சவுக” என்றாள்.