மழைக்குக் கரையாத மை

ருமியானா: அது வேணாம் டோச்கா அத்தை. வெளியில ஒட்டியிருக்கிற விலையைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. பிரிண்டர் நூறு லெவாதான். ஆனா உள்ள இருக்கிற மை நாப்பது தாளுக்கு மேல தாங்காது.

டோச்கா: அப்புறம்?

ருமியானா: அப்புறம் கார்ட்ரிட்ஜ் வாங்கணும். கறுப்பு ஒண்ணு, கலர் ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தா மெஷின் விலையே வந்துரும்.

லூபென்: குதிரையைச் சும்மா குடுத்துட்டுப் புல்லுக்குக் காசு புடுங்குற கதை.

டோச்கா: உன்னை மாதிரி யோசிக்கிற எவனோதான் பண்ணியிருக்கான்.

லூபென்: நான் குதிரையையே குடுக்க மாட்டேனே.

ருமியானா: சிரிக்க வைக்காதீங்க மாமா. இங்க பாருங்க, இது டேங்க் வச்சது. மை பாட்டில்ல வரும், தீரத் தீர ஊத்திக்கலாம். ஒரு கறுப்பு பாட்டில் நாலாயிரம் தாளுக்கு ஓடும். மெஷின் விலைதான் கொஞ்சம்... முந்நூத்தி எண்பது.

டோச்கா: முந்நூத்தி...

லூபென்: சரி, அதைக் கட்டும்மா.

டோச்கா: என்னது?

லூபென்: அதைக் கட்டச் சொன்னேன். பாட்டில் மைதான் நல்லது.

டோச்கா: பேரம் பேசலையா நீ?

லூபென்: எதுக்கு? ருமியானா என்ன அந்நியமா?

ருமியானா: லூபென் மாமாதானா இது? போன வருஷம் ஒரு மவுஸ் வாங்க மூணு நாள் நடந்தாரு அத்தை. மூணாவது நாள் நானே அலுத்துப்போய்க் குறைச்சுக் குடுத்தேன்.

டோச்கா: பஸ் ஓட்டின காலத்துல இறக்கம் வந்தா இஞ்சினை அணைச்சுட்டு உருட்டிட்டே வருவாரு. டீசல் மிச்சமாம். பின்னாடி இருக்கிறவங்க சிலுவை போட்டுக்கிட்டே வருவாங்க.

லூபென்: இருபத்தாறு வருஷம். ஒருத்தருக்கு ஒரு கீறல் கிடையாது.

ருமியானா: சரி, எதுக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே அத்தை? சொன்னாத்தானே எது சரிப்படும்னு பார்க்கலாம்.

டோச்கா: லேபிளுக்கு. ஜாடியில ஒட்டுற லேபிள். சுட்ட குடமிளகாய் விழுது, தக்காளி, ஊறுகாய்... எங்க பொண்ணு நெலி வலென்சியாவுலேர்ந்து லீவுக்கு வந்தா எது எந்த வருஷம்னு தெரியாம எல்லாத்தையும் திறந்து வச்சுடுறா.

லூபென்: நாப்பது வருஷமா பென்சிலால எழுதி ஒட்டினவ.

டோச்கா: இப்ப கை நடுங்குது.

லூபென்: ...சரி. நல்லதுதான். அச்சுல இருந்தா பார்க்க அழகா இருக்கும்.

ருமியானா: லேபிளுக்குன்னா லேசர் போதுமே. கறுப்பு மட்டுந்தான் வரும், ஆனா மை காயுற தொந்தரவே இல்ல. வருஷக்கணக்கா சும்மா கிடந்தாலும் ஓடும்.

டோச்கா: அதுல முகம் நல்லா வருமா?

ருமியானா: முகமா?

டோச்கா: பேத்தி முகம். லேபிள்ல போட்டா சிரிப்பாளேன்னு...

ருமியானா: வரும், ஆனா திட்டுத்திட்டா இருக்கும். கண்ணு கீழ அழுக்கு மாதிரி.

டோச்கா: அப்ப வேணாம். மை மெஷினே இருக்கட்டும். நீலம் நீலமா வரணும்.

லூபென்: எந்த நீலம்?

டோச்கா: பொதுவாச் சொன்னேன். ஏன் ருமியானா, கடை வாசக் கதவுல ஒரு தாள் ஒட்டியிருக்கே... உன் மாமனாருக்கா? ஆறு மாசம் ஆயிருச்சா அதுக்குள்ள?

ருமியானா: போன வியாழக்கிழமையோட ஆறு மாசம் அத்தை. நாப்பதாம் நாள், மூணு மாசம், இப்ப இது. ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரரே வீட்டுல அஞ்சலித் தாள் போட்டு, எங்க பிளாக் வாசல், பஸ் ஸ்டாப்பு, சர்ச்சு, மாமனாரு வேலை பார்த்த பட்டறைன்னு அலைஞ்சு ஒட்டிட்டு வந்தாரு.

டோச்கா: போட்டோ நல்லா இருக்கு. மீசை கம்பீரமா. ஆனா பேரு கரைஞ்சு ஓடியிருக்கு. கறுப்பெல்லாம் கன்னத்துல வழியுது.

ருமியானா: ஞாயித்துக்கிழமை மழை. எங்க வீட்டு மெஷின் பழசு, அதுல சாதா மை. ஈரம் பட்டாக் கரையும். ஊருக்கெல்லாம் பிரிண்டர் விக்கிறேன், மாமனார் மூஞ்சி மழையில அழுவுது.

டோச்கா: கரையாத மை இருக்கா?

ருமியானா: இருக்கு. அதோ, பக்கத்துல இருக்கிறது. நாலு கலரும் கரையாது. தண்ணியை ஊத்தினாக்கூட அப்படியே நிக்கும். நானூத்தி முப்பது ஆகும்.

லூபென்: அதையே குடு.

டோச்கா: இரு லூபென்.

லூபென்: ஏன் இருக்கணும்? உனக்குப் பிடிச்சிருக்குல்ல? ...ஆமா, ஜாடி லேபிளுக்கு மழை எங்கேர்ந்து வந்துச்சு?

டோச்கா: நிலவறையில ஈரம் இல்லையா? போன வருஷம் குழாய் ஒழுகி அட்டைப்பெட்டியெல்லாம் ஊறிப்போச்சே.

லூபென்: ...ஆமா. ஒழுகுச்சு.

ருமியானா: உங்க மாமியாருக்குக்கூட நீங்க நல்லாப் பெருசா ஒட்டியிருந்தீங்களே அத்தை.

டோச்கா: ஆறு மாசத்தோட நின்னு போச்சு. ஜெராக்ஸ் கடையில தாளுக்கு முப்பது காசு. வருஷம் முடியறப்ப ஏன் ஒட்டலைன்னு ஊரே கேட்டுச்சு. இவரு, "அம்மா செத்தது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே"ன்னுட்டாரு.

லூபென்: தெரிஞ்சதுதானே.

டோச்கா: தெரிஞ்சதுதான். ஆனா கதவு காலியாக் கிடந்துச்சு.

லூபென்: அதை எதுக்கு இப்ப எடுக்கிறே?

டோச்கா: எடுக்கல. விடு. ருமியானா, இந்தக் கரையாத மை தாளுக்கு எவ்வளவு ஆகும்?

ருமியானா: எழுத்து மட்டும்னா ஒரு காசுகூட ஆகாது. முகம், கலர், சுத்தி கறுப்புப் பட்டை... நான் பாட்டுக்குச் சொல்றேன் பாருங்க, இந்த அஞ்சலித் தாள் மாதிரி ஒரு முழுப் பக்கம்னா... நாலஞ்சு காசு.

டோச்கா: நாலஞ்சு காசு. கேட்டுக்கிட்டியா லூபென்?

லூபென்: கேட்டேன்.

டோச்கா: ஆனா தினம் ஓடாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா, ஒரு நாப்பது தாள். அப்புறம் சும்மாத்தான் கிடக்கும்.

ருமியானா: மூணு மாசத்துக்கு ஒருக்கா... நாப்பது...

டோச்கா: ஜாடிக்கு.

ருமியானா: ...ஆமா. ஜாடிக்குத்தான்.

டோச்கா: சும்மாக் கிடந்தா கெட்டுருமா?

ருமியானா: கெட்டுரும் அத்தை. சும்மா போட்டு வச்சா மை காஞ்சு அடைச்சுக்கும். வாரத்துக்கு ஒரு தாளாவது ஓட்டணும், எல்லாக் கலரும் வர்ற மாதிரி.

டோச்கா: வாரா வாரமா? அவருக்கு ஞாபகம் இருக்காதே.

லூபென்: எவருக்கு?

டோச்கா: எனக்குன்னு சொன்னேன்.

லூபென்: அவருக்குன்னு சொன்னே.

டோச்கா: வீட்டுல காலண்டரைப் பார்க்குறது நீதானே? அதுக்குச் சொன்னேன். ருமியானா, மை ஊத்துறதைக் காட்டும்மா. இவருக்குக் காட்டு.

லூபென்: எனக்கு எதுக்கு? நீதானே லேபிள் போடப்போறவ.

டோச்கா: பார்த்து வச்சுக்கோயேன். காசா பணமா?

ருமியானா: இங்க பாருங்க மாமா. மூடியைத் திறங்க. பாட்டிலைக் கவுத்து வைங்க. தானா இறங்கும், நிறைஞ்சதும் தானா நின்னுரும். நீலத்தைக் கறுப்புல ஊத்தணும்னு நினைச்சாலும் முடியாது, வாய் பொருந்தாது.

டோச்கா: இன்னொரு தடவை சொல்லு. போன மாசம் துணி துவைக்கிற மெஷின்ல தூளை எங்க போடுறதுன்னு கேட்ட மனுஷன்.

லூபென்: இருபத்தாறு வருஷம் டீசல் ஊத்தினவன்டி நான். ஒரு சொட்டு கீழ விட்டதில்ல.

டோச்கா: அதான் ஊருக்கே தெரியுமே. தாள் எந்தப் பக்கம்?

ருமியானா: பின்னாடி, நிமிர்த்தி. முப்பது தாளுக்கு மேல திணிக்காதீங்க, சிக்கிக்கும்.

டோச்கா: போட்டோ போன்ல இருந்தா?

ருமியானா: போன்லேர்ந்தே போடலாம். நான் இப்பவே மாமா போன்ல சரிபண்ணித் தரேன். ரெண்டு தடவை தொட்டாப் போதும்.

டோச்கா: பார்த்தியா? ரெண்டு தடவை.

லூபென்: பார்த்தேன், பார்த்தேன்.

ருமியானா: பெட்டியில இன்னொரு செட் மையும் வச்சிருக்கேன் அத்தை. அதுக்குக் காசு வேணாம்.

டோச்கா: எதுக்கும்மா அது?

ருமியானா: ஜாடி... நிறைய வருஷத்துக்குப் போடுவீங்கன்னு.

டோச்கா: ...நல்லா இரு.

ருமியானா: டாக்ஸி சொல்லட்டுமா? பெட்டி கனமா இருக்கு.

லூபென்: சொல்லு.

டோச்கா: வேணாம். பஸ்ஸுலயே போவோம். இந்த வருஷம் ஒரு தடவை டாக்ஸியில போனதே போதும்.

லூபென்: அன்னைக்கு உனக்குத் தலை சுத்துச்சு.

டோச்கா: ஆமா. தலைதான் சுத்துச்சு.

*

லூபென்: உக்காரு. இந்தப் பலகை நனையல. ஏழாம் நம்பர் வர பத்து நிமிஷம் ஆகும். பசிக்குதா? சூடா ஒரு சீஸ் பனித்சா வாங்கிட்டு வரட்டுமா?

டோச்கா: வீட்டுல இருக்குறப்ப கடையிலயா? என்ன ஆச்சு உனக்கு?

லூபென்: கேட்டேன், அவ்வளவுதான்.

டோச்கா: ஊரெல்லாம் ஜாடிக்குக் குடமிளகாய் சுடுற வாசனை. நான் இந்த வருஷம் பத்து கிலோவோட நிறுத்திட்டேன்.

லூபென்: போதும். ரெண்டு பேருதானே.

டோச்கா: ...இந்த ஸ்டாப்புக் கண்ணாடியில இடமே இல்ல, பாரேன். தபால்கார பெட்கோ, கணக்கு வாத்தியாரம்மா, அந்தத் தையக்காரி... ஒருத்தர் மேல ஒருத்தர். கீழ ஓரமாத்தான் கொஞ்சம் காலி.

லூபென்: கீழ வேணாம். அங்க யாரு குனிஞ்சு படிப்பா?

டோச்கா: எதைப் படிக்க?

லூபென்: ...லேபிளை.

டோச்கா: பஸ் ஸ்டாப்புலயா ஊறுகாய் லேபிள்?

லூபென்: நீதானே மழைக்குக் கரையக் கூடாதுன்னே.

டோச்கா: லூபென்.

லூபென்: பஸ் லேட்டு போல. என் காலத்துல இப்படி...

டோச்கா: லூபென். எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?

லூபென்: ...மே மாசம். டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. சம்சாரத்துக்குச் சொல்லிடாதீங்க, இடிஞ்சு போயிருவாங்கன்னாரு. வசந்தம் வரைக்கும் இருந்தா... அதுவே பெருசுன்னாரு.

டோச்கா: அஞ்சு மாசமா உள்ள வச்சுப் பூட்டிக்கிட்டியா?

லூபென்: வேற என்ன பண்ண? நீ பாட்டுக்கு மிளகாய் வாங்கிட்டு வந்தே. பாட்டு வச்சுக் கேட்டுக்கிட்டே தோல் உரிச்சே. நான் பால்கனியில போய் நின்னேன்.

டோச்கா: சிகரெட்டுன்னு சொன்னே.

லூபென்: சிகரெட்டை விட்டுப் பத்து வருஷம் ஆச்சு டோச்கா.

டோச்கா: தெரியும். கேட்டா அழுதுருவியோன்னு கேக்கல. இப்ப நான் சொல்றதைக் கேளு. நாப்பதாம் நாள், மூணு மாசம், ஆறு, ஒம்பது, வருஷம். அதுக்கு அப்புறம் வருஷா வருஷம். என்னை ஆறு மாசத்தோட நிறுத்திடாதே. அதுக்குத்தான் மை விலையை அப்படித் துருவித் துருவிக் கேட்டேன். அஞ்சு காசுக்கு மனசு வராதா உனக்கு?

லூபென்: முப்பது காசு குடுத்துக் கடையிலயே போட்டிருப்பேனே. உனக்குப் போடாம இருப்பேனா?

டோச்கா: கடைக்குப் போக மாட்டே. காசு இல்ல விஷயம். அங்க வரிசையில நின்னு, என் மூஞ்சியை நீட்டி, இதுல நாப்பது குடுன்னு கேக்க உனக்கு வாய் வராது. உங்கம்மாவுக்கும் அதேதான் நடந்துச்சு.

லூபென்: அது... செலவுன்னுதான்...

டோச்கா: அந்த வருஷம் முடியறப்ப நான் மார்க்கெட்ல கோஸ் வாங்கிட்டு நின்னேன். நீ கையில உங்கம்மா போட்டோவோட ஜெராக்ஸ் கடை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தே. ரெண்டு தடவை. அப்புறம் வீட்டுக்கு வந்து முப்பது காசைத் திட்டினே. ஊரு கஞ்சப்பயன்னுச்சு. சொல்லிட்டுப் போகட்டும்னு நானும் விட்டுட்டேன்.

லூபென்: ...இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே நீ.

டோச்கா: நீ மட்டும் என்ன வாயாடியா? வீட்டுலயே போட்டுக்கோ. யாரும் பார்க்க மாட்டாங்க. அழுகை வந்தா அழுதுட்டு, மெதுவா ஒட்டிட்டு வா.

லூபென்: எந்தப் போட்டோ?

டோச்கா: பாஸ்போர்ட்ல இருக்கிறது வேணாம். அதுல கோழி திருடினவ மாதிரி இருக்கேன். உன் பஸ் படியில நின்னு எடுத்தது இருக்குல்ல, தலையில நீலத் துணி கட்டிக்கிட்டு...

லூபென்: அப்ப உனக்கு இருபத்திமூணு வயசு. ஊரு சிரிக்கும்.

டோச்கா: சிரிக்கட்டும். காதலிக்கிறப்பவே எனக்கு டிக்கெட் கிழிச்சுக் குடுத்தவன் நீ. அன்னைக்குச் சிரிக்காததா?

லூபென்: செக்கிங் வந்தா என்ன பண்றது?

டோச்கா: வந்தானா ஒரு நாளாவது?

லூபென்: வரல... வாரா வாரம் ஒரு தாள் ஓட்டணும்னாளே. எதைப் போட?

டோச்கா: எதையாவது போடு. ஜாடி லேபிள் போடு.

லூபென்: ஜாடி இருக்காதே.

டோச்கா: அப்ப மிளகாய் சுடக் கத்துக்கோ. இன்னும் நாலு கிலோ பால்கனியில கிடக்கு. நாளைக்கே காட்டித் தரேன்.

லூபென்: பயமா இருக்கு டோச்கா.

டோச்கா: எனக்கும்தான். பெட்டியைக் கீழ வச்சுட்டுக் கையைக் குடு.

லூபென்: ...ஏழாம் நம்பர் திரும்புது. ஒண்ணு மட்டும் சொல்லு. உனக்கு யாரு சொன்னா? டாக்டர் சொல்ல மாட்டேன்னு என் கையைப் பிடிச்சுச் சொன்னாரு. நெலியா? அவகிட்ட நான் எவ்வளவோ கெஞ்சினேன்...

டோச்கா: யாரும் சொல்லல. அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல ஏழாம் நம்பர் காலியா நின்னுச்சு. நீ அதைப் பார்த்துட்டே கையைக் காட்டி டாக்ஸியைக் கூப்பிட்டே. நாப்பத்தோரு வருஷத்துல முதல் தடவை. எனக்குக் கதவைத் திறந்துவிட்டே, இறங்குறப்ப மீதிச் சில்லறைகூட வாங்கல. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன் லூபென், நான் பிழைக்க மாட்டேன்னு.