கரிக்காடு வளர்ந்ததா?

யார் எவ்வளவு நீட்டிப் பேசினாலும் முகம் சுளிக்காத பெருமைக்குரிய அவைத் தலைவர் அவர்களே! நான் சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லி, என் சுமையைக் குறைத்துவிட்ட முந்தைய பேச்சாளர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! பிள்ளைகளுக்காகக் கவலைப்படுவதை மூச்சாகவே வைத்திருக்கும் தாய்மார்களே, அவர்களுள் என்னைப் பெற்ற தாயே! கதவோரம் நிற்கும் மாணவக் கண்மணிகளே! அனைவருக்கும் வணக்கம். கதவோரம் நிற்பவர்கள் சற்றே விலகி நின்றால் நன்றாக இருக்கும். அந்தக் கதவு என் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கைதட்டுகிறீர்கள். வேண்டாம், இன்னும் தட்டாதீர்கள். மேசைமேல் இருக்கும் விருதும் இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும். ஏன் என்று சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

நான் ஆராய்வது கரியை. அடுப்பில் படிவதும் கரி, பென்சிலில் இருப்பதும் கரி, என் ஆயுளில் பாதியை அள்ளிக் கொடுத்ததும் அந்தக் கரிக்கே. கரியணுக்கள் கைகோத்து வலையாகி, அந்த வலை பாய் சுருட்டியதுபோல் சுருண்டால் அதற்கு நானோகுழாய் என்று பெயர். முடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியது, எஃகைவிட வலியது. "இதுல என்னடி அதிசயம்? தினம் பாத்திரம் தேய்க்கிறப்போ நான் கழுவி ஊத்துறதுதானே" என்று அம்மா கேட்டார். நீங்கள் சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை, பாருங்கள்.

சின்னதொரு சிலிக்கான் சில்லின்மேல் இரும்புத் துகள்களைப் படியவைத்து, உலையில் வைத்து, கரி கலந்த வாயுவைச் செலுத்தினால் துகளுக்கொரு குழாய் முளைக்கும். கோடிக்கணக்கில் முளைத்து நிமிர்ந்து நின்றால் அதைக் காடு என்போம். ஊரார் வளர்த்த காடு உருப்பெருக்கிக்குத்தான் தெரியும். எங்கள் பழைய ஆய்வுக்கூடத்தில் வளர்ந்ததோ வெறும் கண்ணுக்கே தெரிந்தது, கறுப்பு வெல்வெட்டை வெட்டி ஒட்டியதுபோல். ஆடினோம், பாடினோம், அகிலமெல்லாம் அறியக் கட்டுரை எழுதினோம். இந்த விருதும் அதற்காகத்தான்.

பிறகு புதுக் கட்டடம் தந்தார்கள். கூரை ஒழுகிய அறையை விட்டுக் குளிர்சாதன அறைக்குக் குடிபோனோம். வெடித்துப்போன ரப்பர் குழாய்களை வீசினோம், பளபளக்கும் எஃகுக் குழாய்களைப் பொருத்தினோம். தூசி இல்லை, கசிவு இல்லை, குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. காடும் இல்லை! உலையைத் திறந்தால் சில்லின்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கறை, அவ்வளவுதான். வாயுவை மாற்றினோம், வளரவில்லை. வெப்பத்தை ஏற்றினோம், வளரவில்லை. உலையிடமே கெஞ்சினேன், வளரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டு தெரு தள்ளியிருக்கும் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் பேனாவை எடுத்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'எங்கே காட்டு'. யார் என்ன சொன்னாலும் அவர் கேட்பது அது ஒன்றைத்தான். 'இவர்கள் சொல்லும் காடு எங்கள் உலையில் வளரவில்லை' என்று ஆய்விதழில் எழுதிவிட்டார். கோபம் வந்ததா? வந்தது. கோபத்துக்கு முன்னால் பயம் வந்தது. என் உலையிலேயே வளராதபோது அவரை எந்த வாயால் மறுப்பேன்?

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா கேட்டார்: "ஏண்டி, நீ அதைப் பாத்தது நிஜம்தானே?" ஊர் கேட்டால் மார்தட்டியிருப்பேன். பெற்றவள் கேட்டால் மார்தட்ட முடியுமா? "பாத்தேம்மா" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

கதவு திறக்கிறது... இல்லை, தேநீர். வாருங்கள் ஐயா, முதலில் தலைவருக்குக் கொடுங்கள்.

எங்கே விட்டேன்? புது அறைக்குப் போன நாள்முதல் எனக்கு உதடு வெடித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் உதட்டில் எண்ணெய் தடவும்போதுதான் உறைத்தது. இங்கே காற்று காய்ந்து கிடக்கிறது. பழைய அறையில் சுவரெல்லாம் ஈரம். ரப்பர் குழாயின் வெடிப்பு வழியே அந்த ஈரம் உள்ளே கசிந்திருக்கிறது. கரி மூடி இரும்புத் துகளின் மூச்சை அடைக்கும்போதெல்லாம் அந்தத் துளி ஈரம் துடைத்துவிட்டிருக்கிறது. குறை என்று நாங்கள் தூக்கி எறிந்ததுதான் காட்டை வளர்த்திருக்கிறது.

வாயுவோடு ஈரம் சேர்த்தேன், வளர்ந்தது. மறுமுறை வளரவில்லை. அதற்கடுத்த முறை வளர்ந்தது. என் கை பட்டால்தான் வளரும் என்றால் அது அறிவியலா, கைராசியா? ஆகவே அந்த 'எங்கே காட்டு' பேராசிரியரிடமே தொலைபேசியில் பேசினேன்.

"சார், ஈரம் எவ்வளவு விடணும்னு சொல்றேன். நீங்களே செஞ்சு பாருங்க."

"என் உலையிலதான் செய்வேன். நீங்க வரக்கூடாது, உங்க ஆளுங்களும் வரக்கூடாது."

"சரிங்க சார்."

"வளந்தாலும் நானே வந்து சொல்றேன். வளரலன்னாலும் நானே வந்து சொல்றேன்."

இன்று காலை உலையை மூட்டினார். இந்நேரம் ஆறியிருக்கும். வளரவில்லை என்றால் கட்டுரையைத் திரும்பப் பெறுவேன், இந்த விருதைத் தொடாமல் படியிறங்குவேன். "இப்ப வாங்கிக்கோங்கம்மா, அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்று தலைவர் மெதுவாகச் சொல்கிறார். ஐயா, வாங்கிக்கொண்ட பிறகு பார்க்க எனக்குத் துணிவு வராது.

எது உண்மை, தோழர்களே? நான் கண்டது போதுமா? என் மாணவர் கண்டது போதுமா? என்மேல் அன்புள்ளவர்கள் ஆமாம் என்று தலையாட்டினால் போதுமா? போதாது. நான் நுழையாத அறையில் வளர வேண்டும், நான் தொடாத உலையில் வளர வேண்டும், என்னை நம்பாதவர் கையில் வளர வேண்டும்! அப்படி வளராத காடு, எத்தனை பேர் கைதட்டினாலும் என் கனவில் வளர்ந்த காடுதான்.

வந்துவிட்டார். வழிவிடுங்கள். கையில் பெட்டி இருக்கிறது. முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அவர் முகம் என்றைக்குமே அப்படித்தான். மேலே வாருங்கள் சார். உங்கள் கேள்வியையே உங்களிடம் கேட்கிறேன். எங்கே, காட்டுங்கள்.

சாம்பல். வெறும் சாம்பல் கறை. அம்மா, எழுந்திருக்காதே, உட்காரும்மா. அவையோரே, சொன்ன சொல்லை நான்...

"இருங்கம்மா, அவசரப்படாதீங்க. அது ஈரம் இல்லாம செஞ்சது. ஒப்பிட்டுப் பாக்க வேணாமா?" என்கிறார். இன்னொரு சில்லை எடுக்கிறார்.

கறுப்பு. நிமிர்ந்து நிற்கிறது. விளக்கு வெளிச்சத்தையே விழுங்கிக்கொண்டு நிற்கிறது.

இப்போது தட்டுங்கள். என்னைப் பார்த்து அல்ல, இவரைப் பார்த்துத் தட்டுங்கள். கதவையே பார்த்துப் பேசியவளைப் பொறுத்துக்கொண்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும் நன்றி. இன்னும் பேசலாம்தான். ஆனால் முன்வரிசையில் அம்மா எழுந்து நின்று கையை நீட்டுகிறார்: "எங்கடி, காட்டு."

இறங்குகிறேன். வணக்கம்.