பெரிலுக்காக எண்ணிய பறவைகள்

எங்கள் வீட்டுப் பின்தோட்டத்துக்கு ராபின் குருவி ஒன்றுதான் வரும். இன்னொன்று வந்தால் கொத்தித் துரத்திவிடும். அந்தக் குணம் எனக்குப் புரியும்.

ஜனவரி கடைசி ஞாயிறு, ஒன்பதிலிருந்து பத்து மணி வரை, என் மனைவி பெரில் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து பறவைகளை எண்ணுவாள். பறவைக் கணக்கெடுப்புக்காக அன்று நாடே எண்ணும். ஒரே சமயத்தில் கண்ணில் பட்டதைத்தான் எழுத வேண்டும். போன குருவி திரும்பி வந்தால் கணக்கில் சேராது. முப்பது வருடம் தனியாகத்தான் எண்ணினாள். தேநீர் போட நான் உள்ளே வந்தால் போதும், "நீ மூச்சு விட்டாலே அத்தனையும் பறந்துடும். போய் நேத்து மேட்ச்சைப் பாரு, போ" என்பாள். போய்விடுவேன்.

பிறகு அவளுக்குக் கண் அழுத்த நோய் வந்தது. ஒரு ஜனவரியில், வேலியோரம் இருப்பது புறாவா பூந்தொட்டியா என்று அவளுக்குத் தெரியவில்லை. "நார்மன், இங்க வாயேன். அது என்னது?" என்று கூப்பிட்டாள். அந்த ஒரு மணி நேரமும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டெர்பி நகரத்தில் முப்பத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவன் நான். எனக்குப் பின்னால் எத்தனையோ பேர் உட்கார்ந்தார்கள், பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. அன்றைக்குப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். போன பார்வை வராது, இருப்பது தங்கும் என்றார். அவளுக்குக் கை நடுங்கும் என்பதால், தினமும் மாலைத் தேநீருக்குப் பிறகு நான்தான் போட்டுவிடுவேன். மருந்து நன்றாகவே வேலை செய்தது.

"அடுத்த வருஷம் பைனாகுலரை வெச்சு நானே சமாளிச்சுக்குவேன். உனக்கு விடுதலை" என்று சிரித்தாள்.

மறுநாள் மருந்தைக் கொட்டிவிட்டுப் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினேன். சில மாதங்கள் கழித்து டாக்டர் இன்னும் வீரியமான மருந்து எழுதினார். அதையும் கொட்டினேன். இப்படி மூன்று வருடம்.

இந்த ஜனவரியில் அவளுக்கு முழு இருட்டு. ஜன்னலருகே என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லு, என்னென்ன வந்திருக்கு?" என்றாள். மழையில் தோட்டம் வெறிச்சோடிக் கிடந்தது.

"சிட்டுக்குருவி ஏழு" என்றேன்.

"ஏழா! நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

என் விரல்களில் ஏழு வரை எண்ணிப் பார்த்தாள். பிறகு, "வருஷா வருஷம் உன்னைப் பக்கத்துல உட்காரச் சொல்லணும்னு ஆசையா இருக்கும் நார்மன். உனக்கு போரடிக்குமேன்னுதான் துரத்திவிடுவேன்" என்றாள்.

முப்பது வருடம். நானாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அவள் என் முகத்தைத் தடவிக் கண்டுபிடித்துத் துடைத்துவிட்டாள்.

அன்று மாலையும் மருந்துக்காக முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். எப்போதும்போல் கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டேன். உங்கள் மேசையில் நான் வைத்திருப்பது அந்தப் பாட்டில்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. விஷமெல்லாம் இல்லை, வெறும் தண்ணீர். ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்து ஆற்றித்தான் ஊற்றினேன். அவள் கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது, பாருங்கள்.