நாடா இல்லாத நாற்காலி

மல்லசமுத்திரத்து மண்டபம் நிறையக் கூடியிருக்கும் பேரவைக்கு என் முதல் வணக்கம். மன்றத்தை நடத்தும் தலைவர், கொண்டப்பநாயக்கன்பட்டிப் பட்டறையின் உரிமையாளர் கதிர்வேல் ஐயா அவர்களே, மரத்தின் மனமறிந்து உளியை ஓட்டும் மூத்த தச்சர் பெருமக்களே, கடைசி வரிசையில் அமர்ந்திருந்தாலும் கண்ணை மேடையிலிருந்து எடுக்காத என் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் வித்யா. ராசிபுரத்தில், எங்கள் வீட்டுத் தறியில், நாற்காலிகளுக்கு நாடா நெய்பவள். கூட்டத்தின் முன் நிற்பது எனக்குப் பழக்கமில்லை. தறியின் முன் உட்காருவதே பழக்கம். நன்றியுரை சொல்ல என்னை அழைத்தீர்கள். நன்றி சொல்லத்தான் வந்தேன். யாருக்கு என்பதில்தான் எனக்கும் இந்தத் தச்சர் சங்கத்துக்கும் வழக்கு.

நாடா கட்டும் பெண்களையும் உறுப்பினராக்கும் தீர்மானம் இன்று வாக்குக்கு வருகிறது. சென்ற ஆண்டும் வந்தது. 'உளி பிடிப்பவரே உறுப்பினர்' என்ற விதியைக் காட்டி ஒத்திவைத்தீர்கள். உறுப்பினர் இல்லையென்றால் சங்கத்துக்கு வரும் ஆர்டரில் எங்களுக்குப் பேச்சில்லை. சென்னைக் கண்காட்சியில் எங்களுக்குப் பெயரில்லை. அங்கே நீங்கள் கொண்டு போகப்போவது எதை? சுவீடன் நாற்காலியை. அது இந்தச் சமவெளிக்கு வந்த கதையை நீங்கள் மறந்திருந்தால், நான் நினைவூட்டுகிறேன்.

ஏற்காட்டில் அர்த்தநாரி என்றொரு மருத்துவர். இளமையில் சுவீடனில் வேலை பார்த்தவர். திரும்பும்போது கப்பலில் ஒரு கை நாற்காலியைக் கொண்டு வந்தார். வளைந்த மரச்சட்டம், அதில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய பட்டை நாடா. ஆணி அடித்த மெத்தை கிடையாது, பஞ்சு கிடையாது. நாடா நைந்து அறுந்தபோது அது மலையிறங்கித் தலைவரின் பட்டறைக்கு வந்தது. நம் தச்சர்கள் சட்டத்தைத் தங்கமாக மெருகேற்றினார்கள். அதை நான் மறைக்கவில்லை. பிறகு என்ன செய்தார்கள்? நாடாவுக்குப் பதில் பிளைவுட் அடித்தார்கள். ஸ்பாஞ்ச் வைத்தார்கள். ரெக்சின் போர்த்தினார்கள். மருத்துவர் உட்கார்ந்தார்; உடனே எழுந்தார். "கதிர்வேலு, மரம் அம்சமா இருக்குதப்பா. ஆனா உக்காந்தா டவுன் பஸ்ஸு சீட்டு மாதிரி இருக்குது" என்றார். தலைவர் சிரிக்கிறார், நடந்ததைத்தானே சொல்கிறேன் ஐயா?

அப்போதுதான் நாடா கட்டில் பின்னும் அங்காளம்மாள் அக்காவை அழைத்தீர்கள். மொபெட்டில் வந்திறங்கி நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார். "இதென்னுங்க பெரிய வெளிநாடு, நம்மூட்டுக் கட்டில் உக்கார எந்திரிச்சு நிக்குது" என்றார். பருத்தி நாடாவில் பின்னிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் தொய்ந்துவிட்டது. மருத்துவரைத் தூக்கிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "கட்டில்ல தொஞ்சா தூக்கம் வருமுங்க, நாக்காலில தொஞ்சா ஆளே உள்ள போயிருவாரு. வித்யா சாமி, சணலு கலந்து நெய்யி, பாக்கலாம்" என்றார். நெய்தேன். அது சொரசொரத்தது. மறுபடி நெய்தேன். அக்கா இழுத்துக் கட்டினார்; மறுபடி அவிழ்த்தார். கடைசியில் மருத்துவர் உட்கார்ந்தார், எழவே இல்லை. "நான் இதை வாங்கின அன்னிக்குக் கடைக்காரர் மொதல்ல மரத்தைக் காட்டலீங்க. நாற்காலியக் கவுத்துப் போட்டு, நாடாவத்தான் காட்டுனாரு" என்றார்.

அதைப் பார்த்துத்தானே மலை பங்களாக்கள் கேட்டன? அதைப் பார்த்துத்தானே உங்கள் பட்டறைகள் பூவரசிலும் தேக்கிலும் புதிது புதிதாகச் செய்தன? அந்த நாற்காலியைப் பத்திரிகைக்காரர்கள் படம் பிடிக்க வந்தபோது எங்களிடம் என்ன சொன்னீர்கள்? "ஏம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நாக்காலி தெரியட்டும்." தள்ளி நின்றோம். தள்ளித் தள்ளி நின்று, இன்று சங்கத்துக்கு வெளியே நிற்கிறோம். இனித் தள்ளி நிற்க மாட்டோம்.

அங்கே ஓர் அண்ணன் எழுந்து கேட்கிறார்: "கட்டறது பொம்பளைங்க கைவேலைதானுங்களே, அதுக்கெதுக்குங்க சங்கம்?" கேட்டது நல்லது அண்ணா. உங்கள் வேலை மட்டும் காலாலா நடக்கிறது? சிரிக்காதீர்கள், அண்ணனை உட்கார விடுங்கள்.

உட்காருவது என்றதும் நினைவு வருகிறது. தலைவர் அவர்களே, கண்காட்சிக்குப் போகப்போகும் நாற்காலியைப் பட்டுத்துணி போர்த்தி மேடையில் வைத்திருக்கிறீர்கள். அந்தத் துணியைச் சற்று விலக்குங்கள்.

ஆம், பேரவை பார்க்கட்டும். தேக்கு இருக்கிறது. தேய்ப்பு இருக்கிறது. மெருகு மின்னுகிறது. நான்கு கால்கள் நிற்கின்றன. இரண்டு கைகள் நீள்கின்றன. மடி எங்கே? மனிதனைத் தாங்கும் மடி எங்கே? "ஏம்மா, நாடா எங்கம்மா போச்சு" என்று தலைவர் கேட்கிறார். திருட்டுப் போகவில்லை ஐயா. கட்டிய கைகளே இன்று மதியம் அவிழ்த்தன. உங்கள் மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. உங்கள் உழைப்பு அப்படியே நிற்கிறது. எங்கள் உழைப்பு இல்லாவிட்டால் அது எப்படி நிற்கும் என்பதை மட்டும் காட்டினோம். உளி பிடிப்பவரே உறுப்பினர் என்பது சரியென்றால், உளி செய்த இந்த நாற்காலியில் தயவுசெய்து அமருங்கள்.

அமர மாட்டீர்கள். யாராலும் அமர முடியாது.

இது மிரட்டல் என்று சிலர் முணுமுணுக்கிறீர்கள். இல்லை. இந்தத் தீர்மானம் தோற்றாலும் அக்கா இந்த நாற்காலியைக் கட்டித்தான் கொடுப்பார். ஏற்ற வேலையைப் பாதியில் விடும் வழக்கம் எங்களுக்கில்லை. ஆனால் இதற்கு அடுத்த நாற்காலியை எங்கள் பெயரில், நாங்களே தொடங்கும் சங்கத்திலிருந்து செய்வோம். ராசிபுரத்தில் அதற்குப் பெயர்ப்பலகை எழுதியாகிவிட்டது, வண்ணமும் காய்ந்துவிட்டது. விதிகளை எழுதும்போது அக்காவிடம் கேட்டேன்: "தச்சர்களைச் சேர்க்கலாமா, வேண்டாமா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவிங்க இல்லாம நாடாவ ஆகாசத்துலயா கட்டுவ? சேத்துக்க சாமி" என்றார். அதனால் எங்கள் முதல் விதி இது: நாற்காலி செய்யும் எவரும் உறுப்பினர். நீங்கள் எங்களை வெளியே நிறுத்தினாலும், எங்கள் சங்கத்தில் உங்களுக்கு இடம் உண்டு.

ஆக, நாம் ஒரே சங்கத்தில் இருக்கப்போவது உறுதி. அது எந்தச் சங்கம் என்பதுதான் இனி உங்கள் கையில். தலைவர் அவர்களே, தீர்மானத்தை வாக்குக்கு விடுங்கள். கேட்ட செவிகளுக்கு என் நன்றி. உயரப்போகும் கைகளுக்கு என் வணக்கம்.