இறங்கலாம் தோழா

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் மாந்தோப்பு, எதிரே மலை. முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. வேன் நின்றுவிட்டது.

நிறுத்தியது நான்தான். ஒரு தியாகியின் படத்துக்கு வெளிச்சம் காட்டுகிறேன் பேர்வழி என்று, இஞ்சினை அணைத்துவிட்டு ஹெட்லைட்டை மட்டும் போட்டு வைத்தேன். கூடவே மைக்செட். பேட்டரியை மாற்றச் சொல்லி மெக்கானிக் மாதக்கணக்கில் கெஞ்சிக்கொண்டிருந்தான். நான் அவன் பேச்சைக் கேட்கவில்லை. படத்துக்கு மாலை போட்டு, பாட்டுப் பாடி, பேசி முடித்து எல்லோரும் ஏறி உட்கார்ந்தபின் சாவியைத் திருகினேன். டக். இன்னொரு தடவை... டக். அவ்வளவுதான். ஹெட்லைட்டும் மூச்சை விட்டது.

இந்த மாதிரிக் கதை எல்லாமே கூட்டாளியோட மச்சானுக்குத்தான் நடக்கும், கவனித்திருக்கிறீர்களா? இதுவும் அப்படித்தான். கூட்டாளி, இதோ சுவரில் சாய்ந்து கடலை கொறிக்கிறானே ஹரிகிருஷ்ணன், இவன். மச்சான், நான். மொட்டை மாடியில் காற்று வரும், அங்கே வந்து சொல்லு என்று கூப்பிட்டீர்கள். வரமாட்டேன். முழங்கால் வலி என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் வருகிறவரைக்கும் இங்கேயே தரையில் உட்கார்ந்து கேளுங்கள். அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கள்.

வேனில் இருந்தவர்கள் நாலு பேர். மூன்று ஆண்கள், ஒரு பெண்பிள்ளை. எல்லோருக்கும் எழுபதை ஒட்டிய வயது. ஆண்கள் மூன்று பேரும் ஒரு காலத்தில் ‘புதுநில இளைஞர் மன்ற’த்தின் தோழர்கள். எமர்ஜென்சி முடிந்த சமயம் அது. இருபது வயசுப் பையன்கள் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து, இந்த மலையடிவாரத்தில் தரிசு நிலத்தை உழுதார்கள். உலை ஒன்று, வயல் ஒன்று. சாதி கேட்கக் கூடாது. சாகிறவரை தன் பேரில் ஒரு சென்ட் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது. நெருப்பு முன்னால் சத்தியம் செய்தார்களாம். இரண்டு வருஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. வருஷா வருஷம் கூடிப் பேசுவது மட்டும் முடியவில்லை.

அந்த மூன்று பேரில் ரத்தினம் இப்போது பிளாட் போட்டு விற்கிறார். சாம்சன் சார் மகளுக்குச் சொந்தத்துக்குள்ளேயே, ஆள் எல்லாம் விசாரித்து, மாப்பிள்ளை பார்த்தார். மன்றத்தின் தலைவர் காசிராஜன், என் தாய்மாமா. மன்றம் உழுத நிலம் இன்றைக்கு மாமாவின் மாந்தோப்பு, வேன் நின்ற இடத்தில் இருக்கிறதே, அதுதான். எப்படி மாமா என்று ஒரு தடவை கேட்டேன். “ஒட்டு ரகம் நல்லாக் காய்க்குல” என்றார். எதைக் கேட்டாலும் மாமாவிடம் இப்படித்தான் பதில் வரும். நேராக ஒரு பதிலை நான் அதுவரை வாங்கியதில்லை.

அன்றைக்கு மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் ஆண்டுக்கூட்டம். எல்லோருக்கும் சர்க்கரை வியாதி, எல்லோர் இலையிலும் பால்கோவா. இளைஞர் மன்றத்தில் இளைஞன் ஒருத்தனும் இல்லையே என்று மேடையில் ஒருவர் வருத்தப்பட்டார். உடனே மாமா என்னைக் கூப்பிட்டு மன்றத்தின் பச்சைத் துண்டை என் கழுத்தில் போட்டு முடிச்சிட்டு, “இன்னையிலேர்ந்து தோழர் அழகுராஜா” என்றார். எனக்கு நாற்பத்து நாலு வயது. தலையில் முடி பாதி போய்விட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தத் துண்டைக் கழற்றாமல்தான் வேனை ஓட்டி வந்தேன்.

நாலாவது ஆள் பாலம்மாள். தியாகி பால்சாமியின் தங்கச்சி. எனக்கு அத்தை முறை சொல்லித்தான் பழக்கம்.

பால்சாமி எப்படிச் செத்தார் என்பதை மாமா மேடையில் சொல்லக் கேட்டு எனக்கே மனப்பாடம். அப்போது ராத்திரியில் பன்றியும் யானையும் இறங்கும். ஒரு பெரிய மாமரத்தில் மூங்கிலால் பரண் கட்டி, ஆள் மாற்றி ஆள் காவல் இருப்பார்கள். மன்றத்தின் கட்டளை ஒன்று உண்டு. அடுத்த ஆள் மரத்தடியில் வந்து நின்று, “இறங்கலாம் தோழா” என்று சொல்லவேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் மேலே இருப்பவன் இறங்கக் கூடாது. ஒரு ஐப்பசி மழையில் மலையிலிருந்து காட்டாறு திரண்டு வந்தது. மற்றவர்கள் ஓடி மேட்டில் ஏறிக்கொண்டார்கள். பால்சாமி மட்டும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பரணிலேயே இருந்தார். தண்ணீர் மரத்தோடு கொண்டுபோய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. “கடமைக்காக உயிரைக் கொடுத்த தோழன்” என்று மாமா இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார். கை தட்டுவார்கள்.

பாலம்மாள் அத்தை கை தட்டமாட்டாள். முதல் சில வருஷங்கள் எழுந்து நின்று கேட்டிருக்கிறாள், எங்கண்ணனை ஏன் யாரும் இறங்கச் சொல்லலை என்று. பதிலுக்குச் சால்வை போர்த்தினார்கள். மறுவருஷமும் கேட்டாள். மறுவருஷமும் சால்வை. பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். மம்சாபுரத்தில் அவள் வீட்டில் ஒரு தகரப்பெட்டி நிறையச் சால்வைதான். ஆனால் கூட்டம் முடிந்து தோப்புக்கு வருகிறபோது மட்டும், ஆற்றோரமாகப் போய் நின்று, “வாண்ணே, வீட்டுக்குப் போவோம்” என்று மெதுவாகச் சொல்லுவாள். செத்த நேரம் நிற்பாள். பிறகு தனியாக வந்து வேனில் ஏறிக்கொள்வாள். அவளுக்கு வேண்டியது அண்ணன் வீடு வந்து சேரவேண்டும், அவ்வளவுதான். அதை இத்தனை தோழர்களால் செய்ய முடியவில்லை.

சரி. பேட்டரி போன வேனுக்கு வருகிறேன்.

பழைய டீசல் வேன். தள்ளினால் கிளம்பிவிடும். ஆனால் தள்ளவேண்டுமே. உள்ளே மூன்று தோழர்களும் அசையவில்லை. ஒருவருக்கு மூட்டு, ஒருவருக்கு முதுகு, மாமாவுக்குத் தலைவர் பதவி. நான் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே நின்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காதே. துண்டைச் சரி செய்துகொண்டு, மாமா மேடையில் பேசுகிற அதே ராகத்தில் சத்தமாகச் சொன்னேன்.

“இறங்கலாம் தோழா.”

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சாம்சன் சார் மட்டும் ‘ஸ்’ என்று மூச்சை உள்ளே இழுத்தார். ரத்தினம் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். கத்திக்கொண்டிருந்த பூச்சியெல்லாம் ஒரே நேரத்தில் நின்றது...

அப்புறம்தான் அந்தச் சத்தம். எனக்குப் பின்னால், தோப்புக்குள். கிரீச்... என்று மூங்கில் வளைகிற சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி கிரீச். உயரத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு படியாகக் கீழே வந்தது. அந்தத் தோப்பில் ஏணி கிடையாது. ஒட்டு மாங்கன்று, ஆள் உயரத்துக்குமேல் வளராதது.

தொப் என்று கால் ஊன்றியது. சேற்றில் ஊன்றுகிற சத்தம். நாங்கள் போன வருஷ ஐப்பசியில் ஒரு பொட்டு மழை கிடையாது. தரை காய்ந்து கிடந்தது. ஆனால் சளக், சளக் என்று நடை கிட்டே வந்தது. கூடவே ஒரு வாடை... நனைந்த சாக்கு, வண்டல், அழுகின மாவிலை.

வீரமாக நின்று பார்த்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஓடிப்போய் டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். பழக்கதோஷத்தில் கை தானாக இரண்டாவது கியரைப் போட்டது. கால் கிளட்சை மிதித்தது.

வேன் நகர்ந்தது.

பரவாயில்லையே, கிழவர்கள் இறங்கித் தள்ளுகிறார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். வேன் மேற்கே மலையைப் பார்த்து, ஏற்றத்தில் நின்றிருந்தது. ஏற்றத்தில், குலுங்காமல், ஒரே சீராகப் போனது. கிளட்சை விட்டேன். இஞ்சின் பிடித்துக்கொண்டது. உள்விளக்கு மெதுவாக உயிர் வந்து எரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன்.

மாமா, ரத்தினம், சாம்சன் சார். மூன்று பேரும் அவரவர் சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் இறங்கவே இல்லை.

பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பின்பக்கம் லேசாக அமுங்கியது, ஒரு ஆள் ஏறினால் அமுங்குமே, அந்த அளவு. கடைசி சீட்டில் இருந்த பாலம்மாள் அத்தை ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். அன்றைக்குப் போட்ட சால்வையைப் பிரித்து, பக்கத்தில் இருந்த காலி இடத்தில், தோள் உயரத்தில் பிடித்துப் போர்த்தினாள். சால்வை கீழே விழவில்லை.

“நனைஞ்சிட்டியேண்ணே,” என்றாள்.

வண்டியைத் திருப்பி ராஜபாளையத்துக்கு விட்டேன். தியாகியைப் பற்றி மத்தியானம் பூராவும் பேசியவர்கள்தான். ஒருத்தர்கூட அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ரத்தினம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சாம்சன் சாரின் உதடு மட்டும் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது.

மம்சாபுரத்தில் அத்தை வீட்டு முன்னால் நிறுத்தினேன். இறங்கினாள். நான் கிளம்பப் பார்த்தபோது கையைக் காட்டித் தடுத்தாள்.

“செத்த இருய்யா. அவிய இறங்கட்டும்.”

காத்திருந்தேன். பின்பக்கம் லேசாக மேலே எழும்பியது. அத்தை கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். யாரையோ முதலில் உள்ளே விட்டு, பின்னால் தானும் போனாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. என் அற்ப ஜோக்கு ஒன்று இத்தனை வருஷத்தில் உருப்படியாக ஏதோ செய்திருக்கிறது என்று, பயத்தையும் மீறி, கண் கலங்கிவிட்டது. உள்ளே லைட் எரிந்தது. தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. இரண்டு தட்டு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத்தினத்தையும் சாம்சன் சாரையும் இறக்கிவிட்டேன். இருவரும் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி போனார்கள். தேரடிக்குப் பக்கத்தில் மாமா வீடு. நிறுத்தினேன். மாமா இறங்கவில்லை.

“ஏலே, நீ ஏம்ல அதைச் சொன்ன?” என்றார். கோபம் இல்லை. அழப்போகிற குரல்.

எனக்குத்தான் கோபம் வந்தது. அந்த அத்தையின் தகரப்பெட்டி கண் முன்னால் நின்றது. ஒரு வார்த்தைதானே மாமா, சொன்னதும் இறங்கி வந்துட்டாரே, அன்னைக்கு மேட்டுல நின்னு அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்திய, கூப்பிடு தூரம், ஒருத்தருக்குமா வாய் வரலை என்று கேட்டுவிட்டேன். வழக்கம்போல ஒட்டு ரகம், மழை, மன்றம் என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன்.

மாமா என் கழுத்திலிருந்த பச்சைத் துண்டைக் கழற்றப் பார்த்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. நனைந்திருந்தது. விட்டுவிட்டார். அப்புறம் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து நேராகச் சொன்னார்.

“காவல் காலியா இருக்கக் கூடாதுல. இறங்குன்னு சொன்னவன் பொறவு ஏறணும்.”