எட்டு வரிசையும் ஒரே கோரும்

ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் என் எதிரே ஒரு நர்ஸும், அதே ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஸ்கேன் படம் இப்ப டக்குனு வருதே, புது டிஸ்க் போட்டியாம்மா?"

"பழசுதான்க்கா. டிஸ்க்குல படம் எடுத்துக் குடுக்க எட்டு வரிசை, கம்ப்யூட்டர் மூளை பிராசஸர்ல அத வாங்கிக்க எட்டு கோர், எட்டு ஆளு மாதிரி. ஆனா வேலை முடிஞ்சதும் எட்டு வரிசையும் ஒரே கோரைத்தான் கூப்ட்டுக்கினு இருந்துச்சு. மத்த ஏழும் சும்மா கெடந்துச்சு. வரிசைக்கு ஒரு கோரா பிரிச்சு விட்டேன்."

"வேற ஒண்ணுமே வாங்கலியா?"

"ஒண்ணும் இல்லக்கா."

நர்ஸ் அவள் விரல்களையே பார்த்தார்.

"போன வாரம் தலையில அடிபட்டு ஒருத்தர் வந்தாரு. முன்ன மாதிரி காத்துக்கினு இல்லாம, ஸ்கேன் முடிஞ்ச கையோட ரத்தக்கசிவு திரையில தெரிஞ்சுது, நேரா ஆபரேஷனுக்குத் தள்ளிக்கினு போனோம். இன்னைக்கு எழுந்து உக்காந்து காபி கேட்டாரும்மா."

தன் நிறுத்தம் வந்துவிட்டதாக டிரைவர் சொல்லியும் அந்தப் பெண் இறங்காமல், காபி கேட்ட கதையை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.