இருபத்தைந்து நிமிடத்துக்குள்

புதிதாக ஓட வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்றுதான். முதல் கிலோமீட்டரிலேயே இருக்கிற தெம்பையெல்லாம் கொட்டிவிடுவார்கள். மூன்றாவதில் நாக்குத் தள்ளும், நாலாவதில் நடப்பார்கள், வீட்டுக்குப் போய் ஷூவைக் குறை சொல்வார்கள். நான் அந்த ரகம் இல்லை. எதையும் நிதானமாகச் செய்கிறவன். நீங்கள் அவசரப்படாமல் எழுதிக்கொள்ளலாம் மேடம், நானும் அவசரப்படாமலே சொல்கிறேன்.

என் வேலை அப்படிப்பட்டது. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் போன் எடுக்கிறேன். யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணுக்கு அடிப்பார்கள். மணி என் மேஜையில் அடிக்கும். "பதறாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்கு" என்று சொல்ல வேண்டும். ஆள் கிளம்பவே இல்லையென்றாலும் அதைத்தான் சொல்ல வேண்டும். பதினாறு வருடத்தில் என் குரல் ஒரு முறைகூட உயர்ந்ததில்லை, மேனேஜரையே கேட்டுப் பாருங்கள்.

ஓட்டம் கம்பெனி விழாவில் தொற்றிக்கொண்டது. வருடா வருடம் ஐந்து கிலோமீட்டர் பந்தயம் வைப்பார்கள். எங்கள் மெக்கானிக் ஒருவன், தொந்தியோடு, பந்தயத்துக்கு முன்னால் இரண்டு பன் தின்றுவிட்டு இருபத்து நாலு நிமிடம் நாற்பது நொடியில் ஓடி முடித்தான். நான் இருபத்தைந்து முப்பத்தொன்று. "பரவால்ல சார், உங்க வயசுக்கு இது ஜாஸ்தி" என்றான். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. அன்று பற்றிக்கொண்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எட்டு மாதம் உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்தேன். செவ்வாய்க்கிழமை நானூறு நானூறு மீட்டராக விரட்டி ஓடுவது, வியாழன் மேம்பாலம் ஏறி இறங்குவது, சனி ஓய்வு, ஞாயிறு நேரம் பார்த்து ஓடுவது. கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் என்று பிடித்தால் போதும், இருபத்தைந்தில் முடிந்துவிடும். அந்தக் கடைசி அரை நிமிடம் மட்டும் தலைகீழாக நின்றாலும் குறையவில்லை.

இதில் எனக்குத் துணையாக நின்ற ஒரே ஆள் மாமா. என் மனைவியின் அப்பா. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்துமா வந்த பிறகு எங்களோடுதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பால்கனியில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருப்பார். நான் தெருமுனையில் தெரிந்ததும், "விடாதீங்க மாப்ள, லேட்டா வந்தா டெப்போல மெமோ குடுப்பான்!" என்று இரைக்க இரைக்கக் கத்துவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். என் சொந்த அப்பாகூட என்னை இப்படி உற்சாகப்படுத்தியதில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. இன்ஹேலரை அமுக்கினால் வெறும் காற்று. நான் போட்டது போட்டபடி மருந்துக்கடைக்கு ஓடினேன், வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். இரண்டு முறை அமுக்கியதும் தெளிந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா இன்னிக்கு நான் போய்ச் சேந்திருப்பேன் மாப்ள" என்று கண் கலங்கினார். எனக்கும் கண் கலங்கியது. அப்போதுதான் கையில் இருந்த வாட்சைப் பார்த்தேன். போக வர இரண்டு புள்ளி நாலு கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு நாலு நிமிடம் ஐம்பது நொடி. ரப்பர் செருப்போடு.

அன்று புரிந்தது, என் காலில் கோளாறு இல்லை, காரணத்தில்தான் கோளாறு என்று. மெக்கானிக்கை ஜெயிப்பதெல்லாம் ஒரு காரணமா? ஒரு உயிர் நம்மை நம்பிக் காத்திருக்கிறது என்றால் உடம்பு தானாக வேகம் எடுக்கிறது. இது என் சுயநலம் இல்லை, மனிதனிடம் உள்ள நல்ல குணம் அது.

மருந்துக்கடை கிட்டத்தில் இருந்தது ஒன்றுதான் இடைஞ்சல். என் ஆபீஸ் மேஜை டிராயர் வீட்டிலிருந்து சரியாக இரண்டரை கிலோமீட்டர். வீட்டில் வெயில் இறங்குகிறது, இன்ஹேலர் கெட்டுவிடும், ஆபீசில் ஏசி இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லி, அன்றைக்குப் பிறகு உபரியாக வாங்கி வைத்திருந்த நாலையும் டிராயருக்குக் கொண்டுபோனேன். "எவ்ளோ யோசிக்கிறீங்க" என்றாள். அவளுக்குப் பேக்கரியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை காலையில் இருக்க மாட்டாள். மருந்துக்கடை ஞாயிறன்று திறக்க ஒன்பது மணி ஆகும். எங்கள் ஆபீசுக்கு ஞாயிறு கிடையாது. லிஃப்ட் ஞாயிற்றுக்கிழமையும் நிற்கும். எல்லாம் தானாகவே பொருந்தி வந்தது.

வீட்டில் இருந்த ஒன்றைச் சனிக்கிழமை ஜன்னலுக்கு வெளியே அமுக்கித் தீர்த்துவிடுவேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவர் கட்டிலுக்கு மேலே இருக்கும் ஃபேனைத் துடைப்பேன், தலையணையைத் தட்டுவேன். சுத்தம் செய்வது குற்றமா என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. வாரா வாரம் செய்யவில்லை. கடுமையான பயிற்சிக்குப் பிறகு உடம்புக்குப் பதினான்கு நாள் இடைவெளி வேண்டும். என் உடம்பை மட்டும் சொல்லவில்லை, அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் முறை இருபத்தைந்து பன்னிரண்டு. அடுத்தது இருபத்தைந்து மூன்று. மூன்றாவது முறை இருபத்தைந்து நாற்பதுக்குப் போய்விட்டது. அன்று மாமாவுக்கு லேசான இழுப்புதான். படியிறங்கும்போதே அவர் இருமல் நின்றது காதில் விழுந்துவிட்டது, காலில் சுரத்தே இல்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பயிற்சி என்றால் இரண்டு பக்கமும் ஒத்துழைப்பு வேண்டும்.

வண்டியில் போயிருக்கலாமே என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். "அப்பா அங்க கெடந்து இழுத்துக்கிட்டிருக்காரு, நீங்க ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தீங்களாமே?" என்றாள். கீழ்வீட்டுத் தையல்கார அக்கா சொல்லியிருக்கிறார். லேஸ் அவிழ்ந்து நான் விழுந்தால் இன்ஹேலர் எப்படி வந்து சேரும் என்று கேட்டேன். வண்டிக்குப் பிரேக் சரியில்லை என்றும் சொன்னேன்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரே ஒரு முறை இருபத்து நாலு என்ற எண்ணைப் பார்த்துவிட்டால் போதும், உடம்பு அதை மறக்காது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபேனோடு நிற்காமல், பரணில் சுருட்டிக் கிடந்த பழைய கம்பளத்தையும் இறக்கி அவர் அறையிலேயே உதறினேன். மாமாவுக்கு உதடு நீலம் பாரித்தது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மாப்ள... வாட்ச்... கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். இதை மட்டும் அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள் மேடம். அவராகத்தான் கேட்டார். எவ்வளவு தூரம் அவருக்கும் இதில் ஈடுபாடு இருந்தது என்று அதிலேயே தெரிகிறது.

முதல் கிலோமீட்டர் கால் பறந்தது. நாலு நிமிடம் நாற்பதில் போய்க்கொண்டிருப்பதாக வாட்ச் காட்டியது. வேறு யாராவதாக இருந்தால் அப்படியே போயிருப்பார்கள். நான் அடக்கிக்கொண்டு ஐந்து நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். மாமா நீலமாகக் கிடக்கும்போது வேகத்தைக் குறைக்க எவ்வளவு மனஉறுதி வேண்டும் என்று ஓடுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

டிராயரைத் திறக்கும்போது கைப்பேசி அடித்தது. தையல்கார அக்கா. "தம்பி, பெரியவருக்கு மூச்சே வரல, ஆம்புலன்ஸக் கூப்பிடட்டுமா?" என்று அழுதார். நான் தினமும் போன் எடுக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், வாயில் பழக்கமானது வந்துவிட்டது. "பதறாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்கு" என்றேன். அவர் நம்பிவிட்டார். என் குரலுக்கு அப்படி ஒரு ராசி. அந்தப் பேச்சில் எனக்கு ஆறு நொடி போனது.

திரும்பும் வழியில் குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பூங்காவுக்குள் புகுந்து வந்தேன். மூன்றாவது கிலோமீட்டரில் சோரவில்லை, நாலாவதில் இன்னும் கூட்டினேன். என் வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. வீட்டு வாசல் தெரிந்தபோது வாட்ச் இருபத்து நாலு நிமிடம் முப்பத்தேழு நொடி காட்டியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தூரத்தைப் பார்த்தேன். நாலு புள்ளி ஒன்பது மூன்று. பூங்கா குறுக்குவழியாகிவிட்டிருக்கிறது. எழுபது மீட்டர் குறைந்தது.

தையல்கார அக்கா கேட்டருகில் நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார். "குடுங்க தம்பி, குடுங்க!" என்றார். போகிற போக்கில் கையில் கொடுத்துவிட்டு ஓடியிருக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு பொருளைக் கை மாற்ற வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும், மூன்று நொடியாவது போகும். இதோ வந்துவிட்டேன் என்று இன்ஹேலரோடு கையை ஆட்டிக் காட்டிவிட்டு வாசலைத் தாண்டி ஓடினேன். இஸ்திரிக்கடை வரைக்கும். ஐந்து புள்ளி பூஜ்யம் பூஜ்யம். இருபத்து நாலு ஐம்பத்தாறு.

நான் வந்து சேர்ந்தபோது மாமா போய்விட்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் படித்துக் காட்டினீர்கள். இஸ்திரிக்கடையிலிருந்து வீட்டுக்கு வர எனக்கு நாலு நிமிடம் ஏன் ஆனது என்பதுதானே உங்களுக்குப் புரியாமல் இருப்பது? அதையும் சொல்லிவிடுகிறேன். வேகமாக ஓடியவன் சட்டென்று நிற்கக் கூடாது, இதயத்துக்கு ஆபத்து; மெல்ல நடந்து மூச்சைத் தணித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்கு முடியாமல் இருக்கும்போது நானும் விழுந்துவிட்டால் அவரை யார் பார்த்துக்கொள்வது என்றுதான், மேடம், நிதானமாக நடந்து வந்தேன்.